விரல் ஒடிந்த வீரர்கள்

(செங்கல்பட்டில் நூலக வாசகர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொண்டை மண்டலத்தில் நின்று பொம்மைகளைப் பற்றிப் பேசுகிறவன் கடியலூர் உருத்திரங்கண்ணனாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவர் ஒரு பொம்மைத் தேரைக் காட்டுகிறார். தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர் அது. அதில் யாரும் ஏறிப் போக முடியாது, உருட்டி விளையாடலாம். அதே புலவர் பட்டினப்பாலையிலும் மூன்று கால் வைத்த சிறுதேரைப் பாடியிருக்கிறார். பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவத்துக்குச் சிறுதேர்ப் பருவம் என்றே பெயர் வைத்தார்கள். கடவுளையும் அரசனையும் குழந்தையாக்கிப் பாடும்போதுகூட, கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துத்தான் நம் புலவர்கள் பாடினார்கள்.

பாட்டு நிலைத்துவிட்டது. தேர் மிஞ்சவில்லை, மரம் மக்கிப் போயிற்று. கீழடியில் விளையாட்டுச் சில்லுகளும் பகடைக்காய்களும் கிடைத்தன என்றால், சுடுமண்ணும் தந்தமும் மண்ணுக்குள் தாக்குப்பிடித்ததே காரணம். யாரோ பத்திரப்படுத்தியதால் கிடைத்தவை இல்லை அவை. நகையையும் நாணயத்தையும் பெட்டியில் பூட்டிக் காப்பாற்றிய வீடுகள், குழந்தையின் கையிலிருந்த பொருளைக் காப்பாற்ற நினைக்கவில்லை. நம் தலைமுறை விளையாடிய பொம்மைகளுக்கும் அந்தக் கதி வந்துகொண்டிருக்கிறது. அதைத் தடுக்க முடியும் என்று சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

நான் சேகரித்துப் பழுது பார்ப்பவை ஆக்‌ஷன் ஃபிகர் என்று சொல்லப்படும் வீரர் பொம்மைகள். கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி எல்லாம் அசையும் சின்னஞ்சிறு மனிதர்கள். 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வளர்ந்தவர்களுக்கு இவர்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்பிலோ கல்பாக்கம் டவுன்ஷிப்பிலோ வளர்ந்தவர்கள் இந்த அவையில் இருந்தால், ஜி.ஐ. ஜோ, ஹீ-மேன் என்று நான் சொன்னவுடன் அவர்கள் முகம் மலர்வதை இங்கிருந்தே பார்க்கலாம்.

இவர்களின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-ல் 12 அங்குல உயரத்தில் முதல் ஜி.ஐ. ஜோவை வெளியிட்டது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது அத்தனை பெரிய பிளாஸ்டிக் பொம்மை கட்டுப்படியாகவில்லை. 1978-ல் கென்னர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை 3¾ அங்குலத்தில், அதாவது ஒன்பதரை சென்டிமீட்டர் அளவில், கொண்டுவந்து வெற்றி கண்டது. 1982-ல் ஹாஸ்ப்ரோவும் அதே அளவுக்கு இறங்கி ஜி.ஐ. ஜோவை மறுபடி பிறக்கவைத்தது. நாம் விளையாடியது அந்தச் சிறிய ஜோவுடன்தான்.

ஆனால் நம் கையில் இருந்த ஜோ அமெரிக்காவிலிருந்து வந்தவன் இல்லை. அவன் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் பிள்ளை. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். அந்தப் பலூன் தொழில்தான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி ஆயிற்று. 1952-ல் டயர் ரீட்ரெடிங்குக்கான ரப்பருக்கு மாறி, பிறகு டயருக்குப் போய், எம்.ஆர்.எஃப். என்ற பெயரில் நாடறிந்தது. அந்த எம்.ஆர்.எஃப். ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து 1987-ல் தொடங்கியதுதான் ஃபன்ஸ்கூல். பலூனில் பிறந்த நிறுவனம் நாற்பது ஆண்டுகள் கழித்துப் பொம்மைக்கே திரும்பி வந்தது. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளைக் கொண்டு ஃபன்ஸ்கூல் தன் கோவா தொழிற்சாலையில் ஜி.ஐ. ஜோக்களை வார்த்தது.

இங்கே வார்த்த பொம்மைகளுக்குத் தனி முகம் உண்டு. அச்சு ஒன்றுதான் என்றாலும் வண்ணம் வேறு. அமெரிக்க ஜோ அடங்கிய பச்சையும் பழுப்புமாக இருக்கும் இடத்தில், நம்மூர் ஜோ பளீரென்ற நீலத்திலும் மஞ்சளிலும் நிற்பான். ஒரே பெயரில் வந்த பொம்மையிலேயே ஆண்டுக்கு ஆண்டு சாயம் மாறியிருக்கும். 1994-ல் அமெரிக்காவில் இந்த வரிசை நின்ற பிறகும் ஃபன்ஸ்கூல் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தது. அதனால் இன்று உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் ஃபன்ஸ்கூல் பொம்மைகளை விரும்பித் தேடுகிறார்கள். இதே காலத்தில் லியோ மேட்டல் நிறுவனம் இந்தியாவில் ஹீ-மேன் பொம்மைகளைச் செய்தது. தாராளமயத்துக்குச் சற்று முன்னும் பின்னுமான இந்தியா எப்படி வெளிநாட்டு அச்சை வாங்கித் தன் சாயத்தில் தோய்த்தது என்பதற்கு இந்தப் பொம்மைகள் நேரடிச் சான்று. நம் தொழில் வரலாற்றில் ஒரு பக்கம் இவை. அந்தப் பக்கத்தை வெளிநாட்டுக்காரர் படிக்கிறார். நாம் பரணில் போட்டுவைத்திருக்கிறோம்.

பிளாஸ்டிக் அழியாது, ஆயிரம் ஆண்டு கிடக்கும் என்று சொல்லிச் சொல்லி நம்பிவிட்டோம். குப்பைமேட்டில் கிடக்கும் என்பது சரி. பொம்மையாக இருக்குமா என்பது வேறு கேள்வி. ஒரு ஜோவைத் திறந்து பார்த்தால் பதில் தெரியும். முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் மார்பு இரண்டு பாதியாகப் பிரியும். தலையும் கைகளும் தனியே வரும். இரண்டு கால்களையும் சேர்ப்பது ஒரு சிறிய இரும்புக் கொக்கி. அந்தக் கொக்கியில் மாட்டிய ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், இடுப்பு வழியாக மேலே ஏறி, மார்புக்குள் ஸ்க்ரூ இறங்கும் தண்டில் தொங்கும். வீரன் நிமிர்ந்து நிற்பதும் இடுப்பைத் திருப்புவதும் அந்த வளையத்தின் இழுவிசையால்தான். ரப்பர் ஆக்சிஜன் பட்டு இறுகி, வெடித்து, ஒருநாள் அறுந்துபோகும். அன்று பொம்மை இரண்டாகிவிடும். அம்மா பெருக்கித் தள்ளிவிடுவார். எத்தனையோ ஜோக்கள் இப்படித்தான் போனார்கள். புதிய வளையம் சில ரூபாய்தான்.

நம் கரையில் இன்னொரு பகை உண்டு: உப்புக் காற்று. மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பொம்மைக்குள் இருக்கும் ஸ்க்ரூவும் முழங்கை ரிவெட்டும் அதே இரும்பு. காற்றோடு வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்த ஈரம் காயவே காயாது. துரு பருக்கும்போது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பிளக்கும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் செங்கல்பட்டில் துரு சற்று மெதுவாக ஏறும். ஆனால் இங்கே ஓட்டு வீட்டுப் பரணின் சூடு பொம்மையைப் பாழாக்கும். மென்மையான பி.வி.சி. தலைகளில் இளக்கத்துக்காகச் சேர்த்த ரசாயனம் சூட்டில் வெளியே கசிந்து பிசுபிசுக்கும். தூசி அதில் ஒட்டி முகமே கறுத்துவிடும்.

வானிலையைவிட நம் மனநிலை செய்த சேதம் பெரிது என்று நினைக்கிறேன். பின்னப்பட்ட சிலையை வழிபடக் கூடாது என்பது நம் மரபு. அந்த விதி மெல்ல வீட்டுக்குள்ளும் வந்தது. மூக்கு உடைந்த பொம்மையைக் கொலுப்படியில் வைக்க மாட்டோம். கை போன பொம்மை வீட்டிலிருந்தால் நல்லதில்லை என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் உண்டு. வழிபாட்டுக்குரிய உருவத்துக்கு அந்த விதி பொருந்தும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குழந்தையின் விளையாட்டுப் பொருளுக்கு அதைப் பொருத்தியதால், விளையாடப்பட்ட பொம்மைகள் எல்லாம் குப்பைக்குப் போயின. ஷோகேஸில் தொடாமல் வைத்தவை மட்டும் மிஞ்சின.

இந்தச் சிக்கலுக்கு வழிகாட்டி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து ஏறினால் மாமல்லபுரம். 1957-ல் தொடங்கிய அரசுச் சிற்பப் பயிற்சி நிலையம், இன்று கல்லூரியாக வளர்ந்து, அங்கே புதிய உருவம் செய்யக் கற்றுத் தருகிறது. உளிச் சத்தம் ஓயாத அந்த ஊரில், நினைத்தால் எந்தச் சிலையையும் புதிதாகச் செய்துவிடலாம். ஆனால் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய அந்தக் கோயிலின் சுவர்ச் சிற்பங்களில் முகங்கள் தேய்ந்து கரைந்திருக்கின்றன. கண் மூக்கு வைத்துச் செதுக்க ஊரிலேயே கைகள் இருந்தும் தொல்லியல் துறை அதைச் செய்யவில்லை. காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வளர்த்தது. அலையைத் தடுக்கக் கல் அரண் போட்டது. கல்லுக்குள் ஏறிய உப்பை, ஈரக் காகிதக் கூழைப் பூசி உறிஞ்சி எடுத்தது. இருப்பதை நிறுத்திவைத்தது, இல்லாததைக் கற்பனை செய்யவில்லை.

உலக அளவில் இந்த நெறியை எழுத்தில் வைத்தது வெனிஸ் சாசனம். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும், புதிதாகச் சேர்த்த பகுதி பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்பவை அதன் முக்கியமான விதிகள். அது உருவான ஆண்டும் 1964தான், முதல் ஜி.ஐ. ஜோ வந்த அதே ஆண்டு. கோயிலுக்கு எழுதிய விதி ஒன்பதரை சென்டிமீட்டர் பொம்மைக்கும் அப்படியே பொருந்துகிறது என்பது என் அனுபவம்.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். முதலில் படம் எடுங்கள்; கழற்றும் முன்னும், கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும். ஸ்க்ரூவின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பொருந்தாததை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். துருவேறி இறுகியிருந்தால் துருநீக்கும் எண்ணெயைக் குச்சி முனையில் தொட்டு ஒரு துளி வைத்து, மறுநாள் வரை பொறுத்திருங்கள். எண்ணெய் பிளாஸ்டிக்கில் வழியக் கூடாது. வழிந்தால் உடனே துடையுங்கள். பொம்மை வேலையில் பொறுமையைவிட நல்ல கருவி கிடையாது.

அடுத்தது கழுவுதல். வெதுவெதுப்பான நீர், மிதமான சோப்பு, குழந்தைகள் டூத் பிரஷ் போதும். தின்னர் வேண்டாம். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். அது பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் நீர் படக் கூடாது. கரையோர வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் கழுவினால் போக்க வந்த உப்பையே திரும்ப ஏற்றிவிடுவோம். கடைசி அலசலுக்கு, பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். நிழலில் ஃபேன் காற்றில் உலரவிட்டு, உள்ளே ஈரமில்லை என்று உறுதியான பிறகே மூடுங்கள்.

ஓ-ரிங்குக்கு வெளிநாட்டில் ஆர்டர் போட வேண்டியதில்லை. மோட்டார் பம்பு சாமான் கடையிலோ டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலோ பழைய வளையத்தைக் காட்டி அளவு பார்த்து வாங்கலாம். வளையம் தடித்தால் இடுப்பு இறுகும். மெலிந்தால் கால்கள் தொங்கும். ஹீ-மேனின் கட்டுமானம் வேறு. அவன் தலை மென்மையானது. வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் இளகிக் கழன்று வரும். அவனுக்கும் இரண்டு கால்களைச் சேர்ப்பது ரப்பர்தான். அதை மாற்றக் கூடுதல் பழக்கம் வேண்டும்.

ஜோவுக்குப் பெரும்பாலும் ஒடிவது கட்டைவிரல். துப்பாக்கியைக் கையில் திணிக்கும்போது விரல் தெறித்துவிடும். குழந்தை அந்த வீரனை ஆசை தீர விளையாடியிருக்கிறது என்பதற்கு அந்த ஒடிந்த விரல் சாட்சி. ஒடிந்த துண்டு கையில் இருந்தால், மிக மெல்லிய துளை போட்டு, ஊசிபோன்ற பித்தளைக் கம்பி செருகி, இரண்டு குழாயில் வரும் எபாக்ஸி பசையால் ஒட்டலாம். பித்தளை ஏன் என்றால், உப்புக் காற்றில் அது இரும்பைப்போல் துருப்பிடித்துப் பருக்காது. ஃபெவிக்விக் வகைப் பசை சீக்கிரம் பிடிக்கும். ஆனால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், அதிர்ச்சியும் தாங்காது. துண்டு கையில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விரலில்லாமல் அவன் நிற்கட்டும்.

வண்ணத்திலும் அதே கட்டுப்பாடு வேண்டும். தொழிற்சாலைச் சாயத்தின் மேல் புதுச் சாயம் பூசுவது பொம்மையின் பிறப்புச் சான்றிதழை அழிப்பது. இந்தியப் பொம்மைக்கு அதன் சாயம்தானே அடையாளம்? மஞ்சளித்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பாக்கும் முறை ஒன்று பரவலாக இருக்கிறது. பார்த்தவுடன் மயக்கும். சில காலத்தில் மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு. பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை கூடுவதும் உண்டு. நான் அதைச் செய்வதில்லை; உங்களுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பழுது பார்த்த பொம்மையைத் திரும்பவும் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு போட்டால் உழைத்ததெல்லாம் வீண். அந்துருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக் வகைகளை இளக்கிவிடும். பி.வி.சி. பையும் கூடாது, அதிலிருந்து கசிவது பொம்மையை அரிக்கும். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரோப்பிலீன், அதை நம்பலாம். 3 என்றிருந்தால் பி.வி.சி.; தள்ளிவையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். பரண் வேண்டாம், வீட்டில் குளிர்ந்த, வெயில் படாத அலமாரியின் கீழ்த்தட்டு போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்காதவர்கள் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைப்பார்கள்.

இன்னொன்றைப் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும். பழைய பொம்மையைச் சின்னக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். அந்தக் காலச் சாயத்திலும் பிளாஸ்டிக்கிலும் என்னென்ன சேர்ந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது, ஈயம் இருக்கலாம். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டது காரணத்தோடுதான். பேரப்பிள்ளைக்குப் புதியதை வாங்கிக் கொடுங்கள். பழையதைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை சொல்லுங்கள்.

எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. மாட்டுச் சந்தையாக இருந்த அந்த இடத்தில் இன்று பழைய ரேடியோ முதல் கைகழன்ற பொம்மை வரை தார்ப்பாயில் விரித்திருப்பார்கள். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோன பிறகு, பழம்பொருள் தேடுகிறவர்களுக்கு இதுபோன்ற சந்தைகள்தான் போக்கிடம். காலையில் போங்கள். வியாபாரியிடம் மரியாதையாகப் பேசுங்கள். பேரம் பேசுங்கள், ஏமாற்றாதீர்கள். ஒரு ஃபன்ஸ்கூல் பொம்மை வெளிநாட்டில் நல்ல விலைக்குப் போகும் என்று தெரிந்திருந்தால், அதற்குத் தகுந்த விலை கொடுத்து வாங்குவதுதான் முறை. விற்க நேர்ந்தால் எந்த உறுப்பு மாற்றியது, எந்த ஸ்க்ரூ புதியது என்று எழுதிக் கொடுங்கள். மறைத்து விற்பவர் சேகரிப்பாளர் இல்லை, வெறும் தரகர்.

டெல்லியில் கார்ட்டூன் ஓவியர் சங்கர் 1965-ல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் உள்ள தேசிய பொம்மைப் புகழ் மன்றம் 2004-ல் ஜி.ஐ. ஜோவுக்கு இடம் கொடுத்தது. நம் கரையிலேயே முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திக் காத்துவருகிறது. மண் வீட்டுக்கும் மரத் தூணுக்கும் கிடைத்த மதிப்பு, அந்த வீட்டுத் திண்ணையில் விளையாடிய பிள்ளையின் கைப்பொருளுக்கும் கிடைக்க வேண்டும். மரப்பாச்சியும் செப்புச் சாமானும் தலையாட்டி பொம்மையும் ஃபன்ஸ்கூல் ஜோவும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்க வேண்டும். எல்லாமே தமிழ்நாட்டுக் குழந்தைகளின் கையில் தேய்ந்தவை.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, இந்த வாரமே பரணில் ஏறி அந்தப் பெட்டியை இறக்குங்கள். உடைந்ததைத் தூக்கி எறியாதீர்கள், உடைந்த துண்டையும் சேர்த்து ஒரு டப்பாவில் போடுங்கள். இரண்டு, ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு சிறிய சீட்டு எழுதுங்கள்: யார் வாங்கிக் கொடுத்தது, எந்தக் கடை, எந்த ஆண்டு, யார் விளையாடியது. பெற்றோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்; அவர்களுக்குப் பிறகு அந்த விவரம் எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது. மூன்று, 2019-ல் பிறந்த நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஒரு நூலகத்திலாவது குழந்தைகள் பகுதியில் ஓர் அலமாரியைப் பழைய பொம்மைகளுக்கென்று கேட்டுப் பெறுவோம். என்னிடம் இருப்பவற்றில் நல்லவற்றை அதற்குத் தர நான் தயார். நீங்களும் தர வேண்டும்.